கேள்விப் பெட்டியும் கிடாரமும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் ஊர்களில் பெருஞ்சமையல் யாருக்கும் புதிதன்று. ஆனால் அதே சமையலை அரச நிறுவனமொன்றுக்கு ஓராண்டு காலத்துக்கு வழங்குவதாக விலை கூறி எழுதிக் கொடுப்பது, கிடாரத்தின் அருகே நின்று கற்ற திறமையால் மட்டும் கைகூடாத தனித் தொழிலாகவே இங்கு வளர்ந்திருக்கிறது. ஊர்ப்பேச்சில் டெண்டர் என்றும், அரச ஆவணங்களில் கேள்வி என்றும் விலைமனு என்றும் வழங்கும் இந்தத் தொழிலின் உள்விவரங்கள், அதில் நீண்டகாலம் உழைத்தவர்களிடையே வாய்மொழியாகவே கைமாறி வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை எழுத்தில் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவை எங்கிருந்து எழுகிறது என்பதை முதலில் காண்பது நலம். கல்முனை என்ற ஒரே நகரத்துக்குள் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இயங்குகின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் விடுதிகளோடு இருக்கிறது. அட்டாளைச்சேனையில் ஆசிரிய மாணவர்கள் தங்கிப் பயிலும் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. நோயாளர்க்கும் கடமையிலுள்ள ஊழியர்க்கும் சமைத்த உணவு, விடுதி மாணவர்க்கு மூன்று வேளை உணவு, பயிற்சிப் பட்டறைகளுக்குப் பகலுணவும் தேநீரும் எனத் தேவைகள் பல வகைப்பட்டாலும், அவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: நிறுவனம் விடுக்கும் கேள்வி அறிவித்தல்.

இப்பகுதியின் சமையல்காரர்கள் கணக்கு அறியாதவர்கள் என்று கருதுவது பிழை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றத்துடன் தொடங்கி பன்னிரண்டு நாட்கள் நடைபெறும் விழாவின் கந்தூரிச் சோற்றையோ, ஒரு கலியாண வீட்டின் பகல் விருந்தையோ பொறுப்பேற்கும் தலைமைச் சமையல்காரர், ஒரு கிடாரத்துக்கு எத்தனை கிலோ அரிசி, அதற்கு எவ்வளவு இறைச்சி, எத்தனை தேங்காய், அதிலிருந்து எத்தனை சஹன் தேறும் என்பதைத் தாளில் எழுதாமலே சொல்லிவிடுவார். ஐந்தாறு பேர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பெருந்தட்டான சஹனே அவருடைய அளவுகோல். குறை என்று ஒன்று உண்டென்றால், அந்தக் கணக்கு அவருடைய மனத்தில் ஒரு நாளுக்கான கணக்காக இருப்பதுதான். கலியாண வீட்டுக்காரர் அரிசியையும் ஆட்டையும் தாமே வாங்கித் தருகிறார். விலை ஏறினால் அது அவர் பாடு. விலைமனுவோ முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுக்கும் ஒரே விலையைக் கேட்கிறது, பொருளையும் சமைப்பவரே வாங்க வேண்டும் என்கிறது, பணத்தைப் பின்னர் தருவதாகச் சொல்கிறது. இந்த மூன்று வேறுபாடுகளையும் விலைக்குள் கொண்டுவரத் தெரிந்தவரே இத்தொழிலில் நிலைத்திருக்கிறார். மற்றவர்கள் ஒரு கேள்வியை வென்று, அந்த ஒன்றோடு தொழிலை விட்டுப் போனதையே இக்கட்டுரையாளர் அதிகமாகக் கண்டிருக்கிறார்.

இலங்கையில் அரச நிறுவனங்கள் பொருளும் சேவையும் வாங்கும் செயலுக்குப் பெறுகை என்று பெயர். 2006 இல் வெளியான பெறுகை வழிகாட்டல்களே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதனை நெறிப்படுத்தின. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தன. பழைய வழிகாட்டல்களின்படி நாடளாவிய போட்டி விலைமனுவுக்குக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் தரப்பட வேண்டியிருந்தது. சிறிய தொகைகளுக்குரிய விலைக்கோரலில் இது 7 நாட்களாகச் சுருங்கியது. ஏழு நாட்களில் சந்தை விலை விசாரித்து, வங்கிக்குச் சென்று, சான்றிதழ்களைத் திரட்டி, படிவங்களை நிரப்ப முடியாது என்பது அனுபவம் கற்பித்த பாடமாதலால், அறிவித்தல் வரும்போது ஏற்கெனவே ஆயத்தமாக இருப்பவரே போட்டியில் உண்மையாக நிற்கிறார்.

ஆயத்தம் என்பது பெரும்பாலும் ஒரு கோப்புறைதான். பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சமையற்கூடத்தைப் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, உணவைக் கையாளும் ஊழியர்களின் மருத்துவச் சான்றிதழ்கள், கிணற்று நீரின் பரிசோதனை முடிவு, வருமான வரிக் கோப்பு இலக்கம், முன்னைய நிறுவனங்கள் தந்த திருப்திக் கடிதங்கள் ஆகியவை அதில் இருக்கும். ஐந்து மில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தமாயின், 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி பதிவு செய்து, பீ.சீ.ஏ. 3 எனப்படும் படிவத்தையும் இணைக்க வேண்டும். இச்சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் திகதி உண்டு என்பதும், விலைமனு திறக்கப்படும் நாளில் அவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் நல்ல விலை கூறிய பலரை வெளியே நிறுத்தியது, டிசம்பர் 31 இல் முடிந்துபோன ஓர் அனுமதிப்பத்திரமே.

அடுத்தது பிணை. வென்ற பின்னர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் ஒதுங்குபவரைத் தடுக்கும் பொருட்டு விலைமனுவோடு சேர்த்துக் கேட்கப்படுவது விலைமனுப் பிணை. ஒப்பந்தத்தை இடையில் கைவிடாதிருக்கக் கேட்கப்படுவது செயலாற்றுகைப் பிணை. முதலாவது பொதுவாக மதிப்பிட்ட செலவின் 1 முதல் 2 சதவீதத்துக்குள் அடங்கும். அதனை விலையின் சதவீதமாகக் கேளாமல் ஒரு நிலையான தொகையாகக் குறிப்பிடும் வழக்கத்தில் நுட்பமான காரணம் இருக்கிறது. சதவீதமாக இருந்தால், பிணை எழுதிய வங்கியின் உத்தியோகத்தர் ஒருவர் அந்தத் தொகையிலிருந்து முழு விலையையும் பின்னோக்கிக் கணித்துவிட முடியும். வங்கியில் இருப்பவரும் போட்டியாளரும் ஒரே ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கும் ஊர்களில் இந்தப் பாதுகாப்பின் அருமை எளிதில் விளங்கும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் வியாபாரிகள் இப்பகுதியில் ஏராளம்; அவர்கள் பிணைத் தொகையைப் பணமாகவே வைப்புச் செய்வர், அல்லது 2011 இல் தொடங்கிய அமானா வங்கி போன்ற நிறுவனங்களில் கஃபாலா எனப்படும் இஸ்லாமிய முறைப் பொறுப்பேற்பைப் பெறுவர். பணமாக வைப்பவர் ஒன்றை மறக்கலாகாது: விலைமனு செல்லுபடியாகும் காலம் முடிந்து மேலும் 28 நாட்களுக்குப் பிணை உயிரோடிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனையாதலால், அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

இனி விலை. இத்தொழிலின் இதயம் இங்குதான் இருக்கிறது. மற்ற அனைத்தையும் ஒரு கெட்டிக்கார எழுதுவினைஞர் செய்துவிடுவார். விலையைத் தட்டிலிருந்து பின்னோக்கிக் கணிக்க வேண்டுமே தவிர, சந்தையிலிருந்து முன்னோக்கிக் கணிக்கக் கூடாது என்பது முதல் விதி. கேள்வி ஆவணத்தின் விவரக்குறிப்பில் ஒருவருக்குச் சமைத்த மீன் 75 கிராம் என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சமைக்கும்போது மீன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையை இழக்குமாயின், சட்டியில் இடவேண்டிய துப்புரவு செய்த மீன் 100 கிராம். தலை, குடல், செதில், நடுமுள் என 35 சதவீதம் கழியுமாயின், தராசில் வாங்க வேண்டிய முழு மீன் ஏறத்தாழ 154 கிராம். கிலோ 1,000 ரூபாவுக்கு மீன் வாங்குபவர் 75 கிராமுக்கு 75 ரூபா என்று எழுதினால், ஒவ்வொரு தட்டிலும் 79 ரூபாவைத் தம் கையிலிருந்து இடுகிறார். சூரைக்கும் பாரைக்கும் கழிவு வேறு, சிறிய கீரிமீனுக்கு வேறு. ஆதலால் தேர்ந்த ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு மீனையும் தம் சமையற்கூடத்தில் நிறுத்து, வெட்டி, மீண்டும் நிறுத்து, சமைத்து, மூன்றாம் முறையும் நிறுத்து எழுதிய சிறு கொப்பி ஒன்றை வைத்திருப்பார். வாழைப்பூவுக்கும் போஞ்சிக்கும், தோலுரித்த கோழிக்கும் தோலோடு வெட்டிய கோழிக்கும், சம்பாவுக்கும் நாட்டரிசிக்கும் அதில் தனித்தனிப் பக்கம் இருக்கும். அரிசி இக்கணக்கில் சமைப்பவருக்குச் சாதகமாக நிற்கும் பொருள். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறாகும். அந்தக் கொப்பி எந்தச் சான்றிதழையும்விடப் பெறுமதியானது, அதை யாரும் இரவல் கொடுப்பதில்லை.

இரண்டாவது விதி பருவத்தைப் பற்றியது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டு முழுவதற்குமான உணவு விநியோகக் கேள்விகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் கோரப்படுகின்றன. அந்த மாதங்களே கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து வரும் மரக்கறி லொறிகள் தாமதிக்கும், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் அம்பாறை வீதி வெள்ளத்தில் மூழ்கும். அந்த நேரத்தின் மீன் விலையையும் மரக்கறி விலையையும் ஆண்டு முழுவதற்கும் எழுதுபவர் போட்டியில் தோற்பார். அதற்கு மாறாக, ஆண்டு நடுவில் கோரப்படும் கேள்விக்குப் பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை மாதங்களின் அரிசி விலையை வைத்து எழுதுபவர் வென்று நட்டப்படுவார். நெல் விளையும் மாவட்டத்தின் நடுவில் இருந்துகொண்டே அரிசி விலையால் அடிபட்டவர்கள் இங்கு உண்டு. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் உணவுப் பொருட்களின் சந்தை விலைகளை ஒழுங்காக வெளியிட்டு வருகிறது. கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரி விலையை அதிலிருந்து எடுத்து, கல்முனைச் சந்தையில் தாம் வாங்கிய பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, ஆண்டுச் சராசரிக்கு மேல் ஒரு பாதுகாப்பு விகிதத்தைச் சேர்ப்பவரின் விலையே தாக்குப்பிடிக்கிறது.

அந்தப் பாதுகாப்பு விகிதமும் போதாமற் போன ஆண்டு 2022. இரசாயனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் தடைசெய்யப்பட்டதன் விளைவு அடுத்த பெரும்போக விளைச்சலில் தெரிந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர் அம்மாதமே 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதமாயிற்று. 2021 இன் இறுதியில் எழுதப்பட்ட நிலையான விலையில் 2022 முழுவதும் சமைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை. சிலர் பிணைத் தொகையை இழந்து விலகினர். சிலர் நகையை அடகு வைத்துத் தொடர்ந்தனர். எரிவாயு இல்லாத நாட்களில் விறகுக்குத் திரும்ப முடிந்தவர்கள், கந்தூரிச் சமையலில் பழகியவர்கள் மட்டுமே. ஆபத்தை விலைக்குள் முழுமையாக அடக்கிவிட முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டியது. எனினும் எரிபொருள் செலவைத் தட்டு ஒன்றுக்கு இத்தனை ரூபா எனத் தனி வரியில் கணக்கிட்டு வைத்திருந்தவர்களால், விலைத் திருத்தம் கோரும் கடிதத்தை ஆதாரத்தோடு எழுத முடிந்தது. மொத்த விலையை மனக்கணக்கில் சொன்னவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாவதாகப் பணம் வரும் காலம். முந்நூறு பேருக்கு மூன்று வேளை உணவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் நாள் விற்பனை மூன்று இலட்சம்; மாதம் ஒன்பது மில்லியன். மாத முடிவில் கொடுக்கும் விலைச்சிட்டைக்கு அறுபது நாட்கள் கழித்துக் காசோலை வருமாயின், முதற் காசோலை கைக்கு வரும்போது இருபத்தேழு மில்லியன் ரூபாவுக்கு உணவு வழங்கப்பட்டிருக்கும். திறைசேரியிலிருந்து நிறுவனத்துக்குக் கட்டுநிதி வருவது தாமதித்தால் இத்தொகை இன்னும் ஏறும். கோழிக் கடைக்காரரும் அரிசி ஆலை உரிமையாளரும் எத்தனை வாரம் கடன் தருவார்கள் என்பதை விலை எழுதும் முன்பே அவர்களிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கடனுக்கு வாங்கும் பொருளின் விலை கைக்காசு விலையை விடக் கூடுதலாக இருக்கும் என்பதால், அந்தக் கூடுதல் விலையையே கணக்கில் இட வேண்டும்.

வரியில் தடுமாறியவர்கள் பலர். பெறுமதி சேர் வரி 2022 மே முடிவில் 8 சதவீதமாக இருந்து, அதே ஆண்டில் 12 ஆகவும் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. அதே மாதத்தில் பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைந்தது. மேற்சொன்ன முந்நூறு பேர் ஒப்பந்தம் ஆண்டுக்கு நூறு மில்லியனைத் தாண்டுவதால், அதை வெல்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். உள்ளூர்ச் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கும்போது வரி விலைச்சிட்டை கிடைப்பதில்லை. ஆகவே உள்ளீட்டு வரியாகக் கழிப்பதற்கு அதிகம் இருக்காது. வரியை விலைக்குள் கலக்காமல் தனி வரியில் காட்டுவதும், ஒப்பீடு வரி நீங்கலான விலையில் நடக்கிறதா என்று ஆவணத்தில் தேடிப் பார்ப்பதும் அவசியம். சம்பளச் செலவிலும் இதே கவனம் வேண்டும்: தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும், தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஒப்பந்தத்தின் நடுவில் சட்டம் மாறினால் வேறுபாட்டைத் தாங்குவது யார் என்ற கேள்வியை, விலைமனுவுக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்; அங்கு பெறும் பதில் அனைவருக்கும் அனுப்பப்பட்டு ஆவணத்தின் பகுதியாகிவிடும்.

ஆவணத்தில் தரப்படும் எண்ணிக்கை ஒரு மதிப்பீடே என்பதை விடுதிக் கேள்விகளில் இறங்கியவர்கள் நன்கு அறிவர். பல்கலைக்கழகம் விடுமுறையில் மூடப்படும், வேலைநிறுத்தம் வரும், ரமழான் வரும். ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், ஒப்பந்த ஆண்டில் அது எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் பார்த்து, பகலுணவின் எண்ணிக்கை குறைந்து ஸஹருக்கும் இஃப்தாருக்கும் உணவு கேட்கப்படும் வாரங்களுக்கு இரவு வேலைச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும். நோன்புக் கஞ்சியை இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று தாராளமாக எழுதியவர்கள் தேங்காய் விலை ஏறியபோது மனம் வருந்தினர்.

மதிப்பீட்டுக் குழு, அதாவது விலைமனுக்களை ஆராய்ந்து பரிந்துரை செய்யும் உத்தியோகத்தர் குழு, பார்ப்பது விலையை மட்டுமன்று. கரையோர வைத்தியசாலைகளின் கட்டில்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சிங்களவரும் அருகருகே இருப்பர். ஹலால் இறைச்சி எங்கிருந்து வாங்கப்படுகிறது, வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உணவு கேட்கும் இந்து நோயாளிக்குத் தனிப் பாத்திரமும் தனி அகப்பையும் உண்டா, நீரிழிவு நோயாளியின் சோற்று அளவையும் உப்புக் குறைத்த கறியையும் எப்படி வேறுபடுத்தி அடையாளமிடுவர் என்பவற்றுக்கு ஒன்றரைப் பக்கத்தில் தெளிவான விடை எழுதிய விலைமனு, வெறும் பெயர்ப்பட்டியலோடு வந்த விலைமனுவை விட உயர்ந்து நிற்கும். மாதிரி உணவை ஒவ்வொரு வேளையும் ஒரு நாள் குளிர்பெட்டியில் எடுத்துவைப்பது, வாகனத்தின் மூடிய பெட்டி, எரிவாயு நின்றால் மாற்று அடுப்பு, உணவுக் கழிவை அகற்றும் ஏற்பாடு ஆகியவற்றையும் அங்கேயே எழுத வேண்டும். அழகிய வார்த்தைகளால் இப்பக்கங்களை நிரப்புவோர் உண்டு. குழுவினர் அதைப் படிப்பதில்லை. அவர்கள் தேடுவது விவரக்குறிப்பின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே ஒரு விடை இருக்கிறதா என்பதையே.

ஒப்படைக்கும் நாளின் சடங்குகள் கண்டிப்பானவை. மூலப் பிரதியும் நகல் பிரதியும் தனித்தனி உறைகளில் இடப்பட்டு, இரண்டும் ஒரே பேருறைக்குள் அரக்கு முத்திரையோடு மூடப்பட்டு, உறையின் இடது பக்க மேல் மூலையில் கேள்வியின் பெயர் எழுதப்பட வேண்டும். விலைமனுப் படிவத்தில் கையொப்பம் இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல விலை இருந்தாலும் பயனில்லை. உறைகள் இடப்படும் கேள்விப் பெட்டி மூடப்பட்டவுடனேயே திறப்பு தொடங்கும். ஒரு நிமிடம் பிந்தி வந்த உறை திறக்கப்படாமலே திரும்பும். பெயர், விலை, விலைக்கழிவு, பிணை ஆகியவற்றை உத்தியோகத்தர் உரக்க வாசிக்கையில், எதிரே அமர்ந்திருக்கும் போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வர். அந்தத் துண்டுத்தாள்களைச் சேர்த்து வைப்பவரிடம் சில ஆண்டுகளில் இப்பகுதியின் உணவு விலை வரலாறே இருக்கும். பெருக்கற் பிழை நேர்ந்தால் அலகு விலையே செல்லும், மொத்தம் அதற்கேற்பத் திருத்தப்படும். இலக்கத்துக்கும் எழுத்துக்கும் முரண் நேர்ந்தால் எழுத்தே செல்லும். ஆகவே ஆயிரத்து நூற்று ஐம்பது என்பதை எழுத்தில் ஆயிரத்து ஐம்பது என்று எழுதியவர், அந்த நூறு ரூபாவை ஆண்டு முழுவதும் இழப்பார்.

வாசிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையே வெல்லும் என்ற எண்ணம் ஊரில் பரவலாக இருக்கிறது; விதி அப்படிச் சொல்லவில்லை. நிபந்தனைகளுக்குக் கணிசமாக ஏற்புடைய விலைமனுக்களுள், பிழைகள் திருத்தி மதிப்பிட்ட பின் குறைந்ததாக நிற்பதே தெரிவுசெய்யப்பட வேண்டும்; வழமைக்கு மாறாகத் தாழ்ந்த விலைக்கு விளக்கம் கேட்கக் குழுவுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் எல்லாக் குழுக்களும் அந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை. அதன் பயனாக, அடக்கவிலைக்குக் கீழே எழுதி வென்ற ஒருவரின் பருப்புக் கறியில் மூன்றாம் மாதத்திலிருந்து தண்ணீர் கூடுகிறது, அதையே நோயாளிகள் உண்கின்றனர். போட்டியாளர்கள் மச்சான்மாராகவும் ஒரே ஜமாஅத்தினராகவும் இருக்கும் ஊர்களில் இதற்கு நேர்மாறான தீமையும் உண்டு: முன்கூட்டியே பேசி, இவ்வாண்டு உனக்கு, வரும் ஆண்டு எனக்கு என்று பங்கிட்டுக்கொள்வது. உறவு சார்ந்த இணக்கமாக இதனைச் சிலர் கருதினாலும், பெறுகை விதிகளின் பார்வையில் இது தண்டனைக்கு வழிவகுக்கும் கூட்டுச்சதி. விலைமனுவோடு கையொப்பமிடும் உறுதிமொழியில் இத்தகைய உடன்பாடு இல்லை என்றே எழுதப்பட்டிருக்கிறது. அமானிதம் பற்றி அன்றாடம் பேசும் சமூகத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தோற்றவர் காரணத்தை அறியும் வழி உண்டு. தம் விலைமனு ஏன் தெரிவாகவில்லை என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். விடை வராவிடின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். இதைச் செய்தால் அடுத்த முறை பகை வரும் என்று அஞ்சுவோர் பலர். பணிவான கடிதத்துக்குப் பணிவான விடை வந்த அனுபவமே இக்கட்டுரையாளருக்கு அதிகம். அத்தகைய விடைகளில் சொல்லப்பட்ட குறைகள் பெரும்பாலும் விலையைப் பற்றியவையல்ல, விடுபட்ட ஓர் இணைப்பைப் பற்றியவை.

ஒப்பந்தக்காரர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் நிறுவனங்களின் கையில் மட்டுமே உள்ள இரண்டு காரியங்கள் எஞ்சியிருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் வெளிவரும் கேள்வி ஆவணங்களுக்குத் தமிழ்ப் பிரதியும் இணைக்கப்பட்டால், இன்று தரகர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் படிவம் நிரப்பும் சமையல்காரப் பெண்களும் சிறு கடைக்காரர்களும் தாமாகவே போட்டியிடுவர். ஓராண்டு உணவு ஒப்பந்தங்களில், அரிசி, தேங்காய், மீன், எரிவாயு ஆகிய நான்கின் வெளியிடப்பட்ட விலைகளோடு இணைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டின் விலையைக் கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கும் வாசகம் ஒன்று சேர்க்கப்பட்டால், அடக்கவிலைக்குக் கீழே எழுதும் சூதாட்டமும் அச்சத்தில் உயர்த்தி எழுதும் விலையும் ஒருசேரக் குறையும். அடுத்த ஆண்டுக்கான ஆவணங்களை வரையும் உத்தியோகத்தர்கள், இந்த இரண்டையும் இப்போதே சேர்க்க முன்வர வேண்டும்.